ஆற்றடி வீட்டார்

என் சிநேகிதியின் கைத்தொலைபேசியில் அவளுடைய குடும்பம் முழுவதும் ஒரு மரமாக இருக்கிறது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருப்பார்கள். அவளுடைய அப்பா, அப்பாவின் அப்பா, ஒஹாயோவில் சோளம் விதைத்தவர்கள், ரயில் பாதை போட்டவர்கள், குழந்தையிலேயே செத்துப்போனவர்கள்கூட. எல்லோருக்கும் மேலே கப்பலில் வந்து இறங்கிய ஒரு மனிதர் தனியாக இருப்பார். கலியாண மண்டபத்தில் பக்கத்துக் கதிரைக்காரியின் பதக்கச் சங்கிலியைப் பார்ப்பதுபோல நான் அதைப் பார்ப்பேன். வாய் "நல்ல வடிவு" என்று சொல்லும். கண் வேறு கணக்குப் பார்க்கும்.

அவள் அமெரிக்கக்காரி. கணவனின் வேலைக்காக சூரிச்சுக்கு வந்து, ஓர்லிகோனில் எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிறாள். அவளுடைய மகளும் என் மகளும் ஒரே விளையாட்டுக் குழுவுக்குப் போகிறார்கள். மண் தொட்டிக்குப் பக்கத்து மர வாங்கில் இருந்துதான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது. என் மகள் விழுந்து அழுதால் சில வேளைகளில் என்னிடம் வராமல் அவளிடம் ஓடுவாள். "அவளிடம் எப்போதும் பிஸ்கற் இருக்கும், அதுதான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த நாள் நானும் பிஸ்கற் கொண்டுபோனேன். பிறகும் அங்கேதான் ஓடினாள்.

அவர்களுடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தங்களை ஜெர்மன்காரர் என்றே சொல்லி வந்தது. கப்பலில் வந்தவர் ஜெர்மன் கதைத்தார், ஆகவே ஜெர்மன்காரர். சூரிச்சுக்கு வந்த பிறகுதான் இவள் தேடிக் கண்டுபிடித்தாள்: அவர் விட்டுப் போனது ஜெர்மனியை இல்லை, ஆரா நகரத்துக்கு அப்பால் உள்ள ஒரு சுவிஸ் கிராமத்தை. அந்தக் கிராமத்தில் அதே குடும்பப் பெயரோடு இன்றைக்கும் ஒரு பண்ணை வீடு இருந்தது. எழுதிக் கேட்டாள். வாருங்கள் என்று பதில் வந்தது.

"நீ வருவாய்தானே?" என்று கேட்டாள். "அவை ஊர்ப் பேச்சுக் கதைச்சால் எனக்கு ஒண்டும் விளங்காது. நீ அங்கைதானே வளர்ந்தனி."

நான் வளர்ந்தது ஆராவுக்குப் பக்கத்தில்தான். அஞ்சு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், சுவிஸ் ஜெர்மன் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இல்லை என்று சொல்ல எனக்கு வராது. மகளுக்கு மேலதிகமாக ஒரு காற்சட்டை, இரண்டு சோடிக் காலுறை, சோறு, தயிர், காய்ச்சல் மருந்து எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அவள் தன் மகளுக்கு ஒரு வாழைப்பழம் மட்டும் கொண்டுவந்தாள்.

மேட்டில் பெரிய வீடு. வாசல் நிலைக்கு மேலே மரத்தில் குடும்பப் பெயர் செதுக்கியிருந்தது. என் சிநேகிதி அந்த எழுத்துகளின் மேல் கையை வைத்தாள், அப்படியே அழத் தொடங்கிவிட்டாள். வீட்டுக்கார அம்மா வந்து அவளைக் கட்டிப்பிடித்தார். இந்த நாட்டில் ஒரு கிராமத்து மனிசி முன்பின் தெரியாத ஒருத்தியை வாசலிலேயே கட்டிப்பிடித்ததை நான் கண்டதில்லை. எனக்குக் கை தந்தார். நான் குனிந்து மகளின் மூக்கைத் துடைத்தேன். மூக்கு சுத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். பலாலிப் பக்கம். ராணுவம் பிடித்த காணிக்குள் போனது. பிறகு விட்டார்கள் என்றும் சொல்கிறார்கள், விடவில்லை என்றும் சொல்கிறார்கள். வின்டர்தூரில் இருக்கும் அப்பாவிடம் கேட்டால், "இப்ப ஏன் உனக்கு அது? பிள்ளை சாப்பிடுறாளோ?" என்பார். எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆகப் பழைய ஆள் அப்பாவின் அப்பாதான். அவருடைய பெயரே எங்களுக்கு இங்கே குடும்பப் பெயராகிவிட்டது. அதற்கு மேலே என் மரத்தில் வானம்தான்.

மேசையில் பின்னிய பாண், வெண்ணெய், கோப்பி. வீட்டுக்காரர் பேசாமல் இருந்தார். பால்மாட்டுக்காரர், பெரிய கைகள். என் சிநேகிதி தன் திட்டத்தைச் சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். அவளுடைய அப்பா ஒஹாயோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அமெரிக்காவை விட்டு வெளியே காலடி வைத்ததில்லை. இளவேனிலில் வருகிறார். தன் ஆட்களின் வீட்டில் ஓர் இரவு படுத்தெழும்ப வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. முடியுமா?

"ஏன் முடியாது? மேலை அறை சும்மாதானே கிடக்கு" என்றார் அந்த அம்மா. என் சிநேகிதி மறுபடியும் அழுதாள். எனக்கு அலுத்துப்போனது.

பிறகு அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்: "அங்கை போனவரைப் பற்றி உங்கடை வீட்டிலை என்ன கதைப்பினம்?"

"பெரிசா ஒண்டும் இல்லை" என்றாள் என் சிநேகிதி. "சின்னனிலை ஆற்றுச் சத்தத்திலை நித்திரை கொண்டு பழகினவராம். ஒஹாயோவிலை வந்து, சத்தம் இல்லாமல் நித்திரை வரேல்லை எண்டு அழுவாராம். அது மட்டும்தான் மிச்சம்."

நான் அதைச் சொன்னதும் அந்த அம்மா பாண் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தார். யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே மேய்ச்சல் நிலம், அதற்கப்பால் காடு. அந்த வீட்டில் எந்த ஆற்றின் சத்தமும் கேட்காது. ஆறு கீழே, பஸ் நிற்கும் இடத்துக்கும் அப்பால்.

அவர் கணவரின் பக்கம் திரும்பி, ஊர்ப் பேச்சில், வேகமாகச் சொன்னார்: "இவ எங்கடை இல்லை. ஆற்றடி ஆக்கள். ஊர் காசு குடுத்துக் கப்பலேத்தி விட்டதெல்லே, அவை."

"தெரியும்" என்றார் அவர். "பேசாமல் பாணை வெட்டு."

அந்தக் கிராமத்தில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். அதனால் யார் யாரென்று பிரிப்பது வீட்டைச் சொல்லித்தான்: மேட்டு வீட்டார், கொல்லன் வீட்டார், ஆற்றடி வீட்டார். கைத்தொலைபேசி மரத்துக்கு இது தெரியாது. அது பெயரைக் கண்டது, ஒட்டிவிட்டது. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் குரலை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். தமிழ்க் கடையில் யாராவது புதிதாகச் சிரித்துக் கதைத்துவிட்டுப் போனால், என் அம்மா "ஊரிலை எவடம்?" என்று கேட்டு வைத்திருப்பார். ஆள் வெளியே போனதும் மரக்கறியைத் தெரிந்தெடுத்தபடியே, அதே குரலில், "அவை வேறை ஆக்கள்" என்பார். மொழிதான் வேறு. வாய் சுழிப்புக்கூட ஒன்று.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "உங்களுக்கு விளங்கினது எனக்குத் தெரியும். அவவுக்குச் சொல்லாதேங்கோ. இவ்வளவு தூரம் வந்திருக்கிறா. ஆருக்கு என்ன நட்டம்?"

"என்ன சொன்னவ?" என்று என் சிநேகிதி கேட்டாள்.

"பாண் இன்னும் வேணுமோ எண்டு கேக்கிறா."

"ஓம், ஓம்" என்று தட்டை நீட்டினாள்.

திரும்பி வரும்போது ரயிலில் பிள்ளைகள் இருவரும் நித்திரையாகிவிட்டார்கள். என் மகள் அவளுடைய மடியில். அவள் அப்பாவுக்குப் படங்கள் அனுப்பிக்கொண்டே வந்தாள்: நிலை, பெயர், மேல் அறை. நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஏதோ குளிர்ந்து இனித்தது. அதற்கு வேறு பெயர் வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. சந்தோசம்தான். அவளுடைய வீடு அவளுடையதில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனிசி சொல்லாதேங்கோ எண்டதெல்லே. பிறகு நீர் ஏனப்பா அதுக்குள்ளை தலையைக் குடுக்கிறீர்?"

"அந்த மனிசன் பாவம். இவ்வளவு தூரம் வந்து பிழையான வீட்டிலை படுக்கப்போறார்."

"படுக்கட்டுமே. கட்டில் நல்ல கட்டில்தானே?"

"பகிடி விடாதேங்கோ. அவளை நாங்கள் ஏமாத்திறது மாதிரி இருக்கு."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "அப்ப ஏன் சிரிக்கிறீர்?"

நான் சிரிக்கவில்லை என்றேன். "சரி, சிரிக்கேல்லை. இந்தக் கறிவேப்பிலையை எடும்" என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் இதே யோசனைதான். சொன்னால், கடமைக்காகச் சொல்கிறேனா, அவளுடைய பதக்கத்தைப் பறிப்பதற்காகவா? சொல்லாவிட்டால், அவளில் இரக்கப்பட்டா, அல்லது அவள் தெரியாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமா? ஆய்வுகூடத்தில் வேலை செய்யும்போதும் இதுதான். ஒரு மாதிரியை இரண்டு தரம் சோதித்தால் ஒரே விடை வரவேண்டும். என்னை நான் எத்தனை தரம் சோதித்தாலும் வேறு வேறு விடை வந்தது. கடைசியில் இப்படி யோசித்தேன்: என் அப்பா போய்ப் படுத்தால், எங்களை வேண்டாம் என்றவர்களின் அறையில், அது தெரியாமல் நன்றி சொல்லிக்கொண்டு படுத்தால், அது எனக்குத் தெரியவேண்டும். அவ்வளவுதான் நிச்சயமாக இருந்தது.

மண் தொட்டி வாங்கில் வைத்துச் சொன்னேன். ஆற்றடியையும் சொன்னேன், கப்பலையும் சொன்னேன். அவள் முகம் மாறாமல் கேட்டாள்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. மேசையிலை."

"நான் பாண் சாப்பிடேக்கையோ?"

"ஓம்."

"ரயிலிலை அப்பாவுக்குப் படம் அனுப்பேக்கையும் தெரியும்."

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் மகள் வேலி வரைக்கும் பின்னால் ஓடி, பிறகு என்னிடம் வந்து, "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்ததோ.

அதற்குப் பிறகு விளையாட்டுக் குழு வாசலில் தலையாட்டல் மட்டும்தான். மன்னிப்புக் கேட்டு எழுதுவேன், அழிப்பேன். சொல்லியிருக்கக்கூடாது என்று காலையில் தோன்றும். முதலே சொல்லியிருக்கவேண்டும் என்று பின்னேரம் தோன்றும். இதற்கிடையில் அவளுடைய மரத்தை ஒருநாள் திறந்து பார்த்தேன். அது யாரும் பார்க்கக்கூடியதுதான். மேட்டு வீட்டுக் கொப்பை அவள் வெட்டிவிட்டிருந்தாள். வெட்டிய பிறகும் என்னுடையதைவிட அது எவ்வளவோ பெரிது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

இளவேனிலில், விளையாட்டுக் குழு வாசலில், அவளே வந்து என் முன்னால் நின்றாள். "அப்பா வந்திட்டார். நான் எல்லாம் சொல்லிப்போட்டன். எண்டாலும் அந்த வீட்டுக்குப் போகவேணுமாம். அவையளிட்டை ஒண்டு கேக்கவேணுமாம். நீ வராட்டி ஆர் கேக்கிறது?"

"என்ன கேக்கவேணுமாம்?"

"எனக்கும் சொல்லுறாரில்லை."

அவளுடைய அப்பா உயரமான பெரியவர், தொப்பியைக் கழற்றவே மாட்டார். பஸ்ஸில் ஏறியதும் சாரதியின் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார், எங்கே பிரேக் பிடிக்கிறான் என்று. மேட்டு வீட்டில் அதே மேசை, அதே பின்னிய பாண். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே, நான் சொல்லிவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று விளங்கியது.

பெரியவர் கோப்பியைத் தொடவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "கேள் பிள்ளை. என்ரை ஆக்களை அனுப்புறதெண்டு முடிவெடுத்தது இந்த வீட்டாரோ எண்டு கேள்."

நான் என் சிநேகிதியைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்தாள். இதை மென்மையாக்கிச் சொல்ல எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாவின் கோபத்தையும் அதிகாரிகளின் கோபத்தையும் மென்மையாக்கிச் சொல்லியே வளர்ந்தவள் நான். இந்த முறை அப்படியே கேட்டேன்.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர்தான் பதில் சொன்னார், அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "ஓம். என்ரை ஆக்களும்தான். ஊர்க் கூட்டத்திலை கை தூக்கினவை. அந்த வருசம் உருளைக்கிழங்கு அழுகிப்போச்சாம். இருக்கிறதைப் பிரிக்கேலாது. ஆற்றடி ஆக்களுக்குக் கப்பல் காசு குடுக்கிறது, அவை ஊர் உரிமையை விட்டிட்டுப் போறது, திரும்பி வரக்கூடாது. அவ்வளவு பேரும் கை தூக்கினவை."

"அவையளும் கூட்டத்துக்கு வந்தவையோ?" என்று பெரியவர் கேட்டார்.

"வெளியிலை நிண்டிருப்பினம். தங்கடை விசயம் வந்தால் வெளியிலைதான் நிக்கவேணும். இப்பவும் அப்பிடித்தான்."

நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள், அந்த இடத்தில் என்னுடையதையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. "நானும் நிண்டனான்" என்றேன். இங்கே பிரஜாவுரிமை ஊர் வழியாகத்தான். பக்கத்து ஊரில், எங்களுக்குப் பிரஜாவுரிமை கொடுப்பதா என்று கேட்ட ஊர்க் கூட்டத்தில், எங்களை வெளியே அனுப்பினார்கள். பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம். நடைகூடத்தில் அம்மாவும் அப்பாவும் நானும் நின்றோம். அப்பா சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எத்தனை கை எழும்பியது என்று எங்களுக்குத் தெரியாது. கதவைத் திறந்து கூப்பிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா அவர்களுக்கு றோல்ஸ் பொரித்துக் கொண்டுபோயிருந்தார்.

"அப்ப உனக்கு இந்தப் பக்கத்திலை ஊர் உரிமை இருக்கோ?" என்று என் சிநேகிதி கேட்டாள்.

"ஓம். அடையாள அட்டையிலை ஊர்ப் பேர் இருக்கு. மகளின்ரையிலையும் அந்த ஊர்தான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். கலியாண மண்டபப் பார்வை. இவ்வளவு காலமும் என் முகத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வடிவில்லை. என்றாலும் எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய். ஏனென்றால் அதே நேரம் பெரியவர் கோப்பியை எடுத்துக் குடித்தார், பாண் ஒரு துண்டு கேட்டார், வீட்டுக்காரர் புகைபோட்ட இறைச்சி வெட்டிக்கொண்டு வந்தார். இவருடைய ஆட்களை அனுப்பியவர்களின் மேசையில் இவர் இருந்து கேட்டார், அவர்களும் ஓம் என்றார்கள். அவ்வளவுக்குத்தான் வந்திருந்தார். என் அப்பாவுக்கு எந்த மேசை? யாரிடம் போய், யார் மொழிபெயர்க்க, என்ன கேட்பார்? கேட்டால் யார் ஓம் என்பார்கள்? அந்த இறைச்சித் தட்டை நான் பார்த்த பார்வையில் வீட்டுக்கார அம்மா எனக்குப் பசியென்று நினைத்து, "உங்களுக்கு மாட்டிறைச்சி ஆகாதெல்லே, முட்டை அவிக்கட்டோ?" என்று கேட்டார்.

மேல் அறையில் படுக்கவில்லையா என்று அவர் கேட்டபோது, பெரியவர் வேண்டாம் என்றார். "ஆற்றடிக்குப் போவம்."

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் இறங்கிப் போனோம். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஊரார் போத்தல் போடும் இரும்புத் தொட்டிகள், பச்சைக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. அதற்குப் பின்னால் ஆறு. பெரியவர் அங்கே ஒரு கல்லில் குந்தியிருந்து கண்ணை மூடினார். யாரோ காரில் வந்து போத்தல்களைப் போட்டு உடைத்துவிட்டுப் போனார்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. வீட்டுக்கார அம்மா மெல்ல என்னிடம் வந்து, "நீங்கள் சொன்னது சரிதான்" என்றார். சிறிது நின்று, "நான் சொல்லியிருக்கமாட்டன்" என்றும் சொன்னார்.

படம் எடுக்கவேண்டும் என்றாள் என் சிநேகிதி. தொட்டிகளை மறைத்தபடி மேட்டு வீட்டார் இருவரும், பெரியவரும், அவளும், அவளுடைய மகளும் நின்றார்கள். என் மகளும் ஓடிப்போய்ப் பெரியவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இஞ்சை வா" என்று கூப்பிட்டேன். "நிக்கட்டும், நிக்கட்டும்" என்றார்கள். எடுத்தேன். என் பிள்ளை மற்றவர்களின் குடும்பப் படத்தில், நான் வெளியே.

"இதை மரத்திலை போடுவியோ?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"ஓம். இண்டைக்கே."

"போட்டால் மகளின்ரை பேரையும் கீழை போடு. முழுப் பேர். இல்லாட்டி பிறகு வாறவை ஆர் எண்டு தேடித் திரிவினம்."

அவள் சிரித்தாள். நான் பகிடியாகச் சொல்லவில்லை. அவளிடமிருந்து கைத்தொலைபேசியை வாங்கி, என் கணவரின் அப்பாவின் பெயரை மகளின் குடும்பப் பெயராகச் சேர்த்து, நானே எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மரத்தைத் திறந்தேன். படம் இருந்தது, பெயரும் இருந்தது. ஒஹாயோ, இன்டியானா என்று எங்கெங்கோ இருந்து உறவினர்கள் கீழே எழுதிக்கொண்டிருந்தார்கள், இதயமும் கண்ணீருமாக. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. படத்தை மட்டும் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஆற்றடி, கப்பல், கை தூக்கியது எல்லாவற்றையும் நீளமாக எழுதி, கடைசியில், "எங்கடை வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம் அப்பா?" என்றும் கேட்டேன்.

கன நேரம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினார். பிறகு வந்தது:

"தெரியாது. ஆத்தங்கரைக் காத்துக்கை பிள்ளைக்கு ஏன் தொப்பி போடேல்லை?"